விசைப்பலகையின் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

நூலகத்துப் பொதுக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னலோரக் கணினியின் விசைப்பலகை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடக்கிறது. நாற்காலியில் ஆள் இல்லை. என்ன செய்வீர்கள்?

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நான் அவசரப்பட்டுத்தான் ஒரு பிற்பகல் முழுவதும் வியர்த்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்து ஓய்ந்தவன் என்ற முறையில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பி எதில் செருக வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். செலாயாங் மொத்தச் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை சுமந்தேன். துறைமுகத்தில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கித் துரு சுரண்டினேன். கொஞ்ச காலம் லோரியின் பின்பக்கம்தான் வீடு. மழைக்குத் தார்ப்பாய் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வேலையிலும் நாற்காலி சூடாகும்வரை உட்கார்ந்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இணைய மையத்தில் கூட்டிப் பெருக்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கடை முதலாளிக்கு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவது பிடிக்காது. அதனால் கட்டற்ற மென்பொருளைப் போட்டு ஓட்டினார். எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், வேண்டியபடி மாற்றலாம் என்று விட்டுவைத்தது அது. விலை இல்லாதது முதலாளிக்குப் பிடித்தது. மூடி இல்லாதது எனக்குப் பிடித்தது. கூட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அதைத் திறந்து நோண்டினேன்.

அங்கே இணைப்புகளைச் சரிபார்க்க ஒரு சீன டெக்னீஷியன் வருவார். என் வயதுதான் இருக்கும். அவர் பெயரைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை கடை நிறையப் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் தாய்க்கணினியில் ஒரு சின்னத் திருத்தம் செய்துவிட்டு, அதை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. டெக்னீஷியன் குறுக்கே வந்து நிற்காவிட்டால் பையன்கள் என்னைச் சாலையில் போட்டிருப்பார்கள். எல்லாருக்கும் என் செலவில் தே ஐஸ், அதுதான் ஐஸ் போட்ட டீ, வாங்கித் தரச் சொல்லிவிட்டு, என் காதருகில் மலாயில் சொன்னார்: "ஜாலான் லாகி, ஜாங்ஙான் காச்சாவ்." ஓடிக்கொண்டிருக்கிறதா, தொந்தரவு செய்யாதே. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

பிறகு கிள்ளானில் ஒரு சின்னப் பொது நூலகத்துக்கு வந்தேன். ஏதோ அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த கணினிகளைக் கொடுத்தார்கள். மென்பொருள் வாங்க எதுவும் ஒதுக்கவில்லை. நான் கட்டற்றதையே போட்டேன். அது செய்யும் வேலை எளிமையானது. வாசலருகே ஒரு பதிவுத் திரை. அதில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், காலியாக இருக்கும் கணினி திறக்கும். எல்லாம் நிரம்பியிருந்தால் உங்கள் பெயர் வரிசையில் ஏறும். ஆளுக்கு ஒரு மணி நேரம். நேரம் முடியும்போது வரிசையில் யாராவது இருந்தால், கணினி பூட்டிக்கொண்டு, நீங்கள் செய்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும். யாரும் இல்லையென்றால் தானாகவே நேரத்தை நீட்டிக்கொண்டே போகும்.

இன்னொன்றும் அதில் இருந்தது. வேண்டியவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்க ஊழியருக்கு ஒரு பொத்தான். அதை நான் வெட்டி எறிந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்களையும் கேட்கப்போகிறார்கள்.

"அண்ணே, அஞ்சே அஞ்சு நிமிஷம்ணே."

"பாஸ், இந்த ஒரு பக்கம் மட்டும் லா. முடிஞ்சிடும்."

எல்லாரையும்விட அல்போன்ஸ் அங்கிள்தான் மோசம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைப் பற்றி நகராட்சிக்குத் தினமும் ஒரு புகார் எழுதுவார். நேரம் முடியப்போகும்போது கூப்பிடுவார். "தம்பி, நாத்தத்த வர்ணிச்சுக்கிட்டு இருக்கேன். நடுவுல நிறுத்தினா வேகம் போயிடும்."

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. அதனால் மென்பொருளைத் திறந்து, அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டேன். இப்போது யார் கேட்டாலும், "நான் என்ன பண்றது அங்கிள், பொத்தானே இல்ல," என்று கையை விரிக்கலாம். வாங்கிய மென்பொருளாக இருந்தால் இதெல்லாம் நடக்காது. நம் கையில் இருப்பதால், நாளைக்கு நமக்கே தேவைப்படும் கயிற்றையும் நாமே அறுத்துக்கொள்ளும் வசதி உண்டு.

இனி டிஷ்யூவுக்கு வருகிறேன். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் மேசை பிடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் என் பதிவுத் திரைக்கு அது தெரியாது. திரை ஒரு வரிசை சொல்லும். விசைப்பலகைகளின் மேல் கிடக்கும் டிஷ்யூக்களும் குடைகளும் வேறொரு வரிசை சொல்லும். திரை காலி என்று காட்டும் கணினியின் முன் போய் நிற்பவர், பாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வருவார். வந்து என்னைத் திட்டுவார்.

மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். "இது நூலகமா, சாப்பாட்டுக் கடையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் தலைமை நூலகர் என்னைவிட வயதில் சிறிய மலாய்ப் பெண்மணி. நாங்கள் புவான் என்று மரியாதையாக அழைப்போம். அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே நான் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: இனி திரையில் இருப்பதே வரிசை. மறுநாள் மதியம் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, எல்லா மேசைகளிலிருந்தும் பாக்கெட்டுகளைப் பொறுக்கிப் போட்டேன். ஒரு குடையும் சிக்கியது. சந்தையில் அழுகல் காய் பொறுக்கிய கைக்கு அது பெரிய வேலையில்லை. மனதுக்குள் ஒரு பாட்டுகூட ஓடியது.

பள்ளி விட்ட பிள்ளைகள் உடனே வந்து காலிக் கணினிகளில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார்கள். பிந்தி வந்தவர்கள் வரிசையில் ஏறினார்கள். திரையும் மேசையும் ஒரே கதையைச் சொன்னது அதுதான் முதல் முறை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரோஸ்லின் வந்தாள். பண்டமாரானில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை செய்பவள். மாலை நேரங்களில் எங்களிடம் வந்து தட்டச்சுப் பழகுவாள். நேராக ஜன்னலோரக் கணினிக்குப் போனாள். அங்கே ஒரு மாணவன் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தான். திரும்பி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அங்க ஒரு டிஷ்யூ வெச்சிருந்தேன்."

"எடுத்தாச்சு. அறிவிப்பு பாக்கலியா? ஸ்க்ரீன்ல பேர் போடணும்."

"மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரலாம்னு போனேன்ணே. ரெண்டு மணிக்கு எனக்குப் பரீட்சை."

விவரத்தைச் சொன்னாள். ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் உதவியாளர் வேலை. நிரந்தர வேலை. அதற்குக் கணினியில் ஒரு பரீட்சை, ஒன்றரை மணி நேரம். கைத்தொலைபேசியில் திறக்காது. ஒருமுறை உள்ளே நுழைந்து பாதியில் வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது. தவறவிட்டால் அடுத்த முறை எழுதலாமே என்றேன்.

"அடுத்த தடவ வயசு தாண்டிடும்ணே," என்றாள். கிடங்கில் நின்று நின்று அவள் முட்டி போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரிசையில் ஏற்கெனவே ஆட்கள். முறை வந்தாலும் ஒரு மணி நேரம்தான். பரீட்சையோ ஒன்றரை. நடுவில் கணினி பூட்டித் துடைத்துவிடும். கூடுதல் நேரம் கொடுக்கும் பொத்தான் இல்லை. முகப்பு மேசைக் கணினி புத்தக இரவலுக்கு மட்டும். வெளியே எதுவும் திறக்காதபடி மேலிடம் பூட்டி வைத்திருந்தது.

முதலில் எழுந்தவர் அல்போன்ஸ் அங்கிள். "இங்க வந்து உக்காரு ரோஸ்லின்."

"உங்க சாக்கடை, அங்கிள்?"

"அது எத்தனையோ வருஷமா நாறுது. இன்னும் ஒரு நாள் நாறட்டும்."

தன் மின்னஞ்சல் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, கணினியை விட்டு வெளியேறாமல் அப்படியே எழுந்தார். அவர் பெயரிலேயே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் உட்கார்ந்து பரீட்சையைத் திறந்தாள். திரையின் மூலையில் மீதி நேரம் தெரிந்தது: முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேல்.

புவான் என் பக்கத்தில் வந்து நின்று, ஏதாவது செய்ய முடியுமா என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். முடியும். வெட்டிய பொத்தானைத் திரும்ப ஒட்ட எனக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் ஒட்டியதை வேலை செய்ய வைக்க, தாய்க்கணினியை ஒருமுறை நிறுத்தி ஓடவிட வேண்டும். நிறுத்தினால் எல்லாக் கணினிகளும் பூட்டிக்கொள்ளும். எல்லாம் துடைக்கப்படும். ரோஸ்லினின் பரீட்சையும் சேர்ந்து போகும். அவளுக்குப் பின்னால் ஓர் அக்கா பாதி முடித்து வைத்திருந்த வரிப் படிவமும் போகும்.

முகப்பு மேசைக்கு அடியில் குனிந்து தாய்க்கணினிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒருவேளை நிறுத்தாமலே ஏதாவது செய்துவிடலாமோ என்று கை துடித்தது. இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நெருக்கடியில் நம் கை தனக்குத் தெரிந்த வேலையை நோக்கித்தான் போகும். எனக்குத் தெரிந்த வேலை மூடியைத் திறந்து நோண்டுவது. நான் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

"எதையும் தொடப்போவதில்லை, புவான்," என்றேன். அவர் முகம் வாடியது. கிழவன் கைவிட்டுவிட்டான் என்று நினைத்திருப்பார்.

வரிசையில் முதலில் இருந்தது துர்கா, கல்லூரி மாணவி. அவள்தான் கேட்டாள்: "அண்ணே, நேத்து எனக்கு டைம் முடிஞ்சும் கம்ப்யூட்டர் பூட்டலியே. லைன்ல யாரும் இல்லாததால தானே?"

அவ்வளவுதான். இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. வரிசை காலியாக இருந்தால் போதும், அது தானே நீட்டிக்கொள்ளும். காத்திருக்கும் எல்லாரும் திரையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும்.

எல்லாரிடமும் சொன்னேன். லோரி ஓட்டும் மணியம் உடனே கையைத் தூக்கினார்.

"பாஸ், நான் துர்காவுக்கு அடுத்த ஆளு. லைசென்ஸ் புதுப்பிக்கணும். இப்ப பேர எடுத்தா, திரும்பப் போடும்போது கடைசிக்குப் போயிடுவேன். உங்க மெஷினுக்கு நன்றி கின்றியெல்லாம் தெரியுமா?"

தெரியாது. அவர் சொன்னது நியாயம். அவரைப் போலவே மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். யார் எதற்குப் பின் என்பதை யார் நினைவில் வைத்திருப்பது என்று சண்டை கிளம்பியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூடையைப் பார்த்தேன்.

கூடையை எடுத்து முகப்பு மேசையில் வைத்தேன். "ஆளுக்கு ஒண்ணு எடுங்க. இந்த மேசையில வரிசையா வைங்க. துர்கா முதல்ல, அப்புறம் நீங்க. இதத் தாண்டி எவனாவது போவானா?"

மணியம் ஒரு பாக்கெட்டை எடுத்தார். துர்காவின் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தார். ஒருமுறை நேராக்கினார். "டிஷ்யூன்னா சரி," என்றார். சண்டை அதோடு முடிந்தது. ஒவ்வொருவராகப் பாக்கெட் வைத்துவிட்டு, திரைக்குப் போய்ப் பெயரை எடுத்தார்கள். கடைசியில் நின்ற சீன ஆன்டிக்குப் பாக்கெட் கிடைக்கவில்லை. சிக்கியிருந்த குடையைக் கொடுத்தோம். அது அவருடையதுதான் என்று அப்போது தெரிந்தது. எனக்கு ஒரு முறைப்பும் கிடைத்தது.

வரிசை காலி. நான் மூச்சு விடுவதற்குள் வாசற்கதவு திறந்தது. புதிதாக ஒருவர் வந்து பதிவுத் திரையை நோக்கி விரலை நீட்டினார். அவர் எண்ணைத் தட்டினால் மறுபடி வரிசையில் ஆள் இருப்பதாகிவிடும்.

"நில்லு!" என்று ஒரு குரல். கையைப் பக்கவாட்டில் நீட்டி, ரயில்வே கேட் போல அல்போன்ஸ் அங்கிள் நின்றார். "தம்பி, மெஷின்ல பேர் போடாதே. டிஷ்யூ இருக்கா?"

"டிஷ்யூ எதுக்கு?"

"இருந்தா மேசையில வை. இல்லாட்டி போய் வாங்கிட்டு வா. பரீட்சை நடக்குது."

அன்றைக்கு நூலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எல்லாரும் டிஷ்யூ வைத்தார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். வரிசையே இல்லாததால் அவர்களுக்கும் நேரம் முடியவே இல்லை. புவான் போய் ஒவ்வொருவர் தோளிலும் தட்டி, மரியாதையாக எழுப்பி, மேசையில் முன்னால் இருந்த டிஷ்யூவுக்கு உரியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் எழுதிய மென்பொருள் மாற்றங்களைவிட அது வேகமாகவே நடந்தது.

ரோஸ்லின் எதையும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அல்போன்ஸ் அங்கிளுக்கு மூத்திரம் வந்ததுதான் எங்கள் திட்டத்தில் இருந்த ஓட்டை. அவர் அந்தப் பக்கம் போன நேரத்தில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி ஒரு வாலிபர் உள்ளே வந்து, எண்ணைத் தட்டிவிட்டார். நாங்கள் கத்தியது எதுவும் அவர் காதில் விழவில்லை. அல்போன்ஸ் அங்கிளின் ஒரு மணி நேரம் ஏற்கெனவே முடிந்திருந்தது. ரோஸ்லினின் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி தோன்றியது: ஐந்து நிமிடத்தில் இந்தக் கணினி பூட்டப்படும்.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான், "நீ எழுது, நீ எழுது," என்று கையசைத்தேன். மணியம் பாய்ந்து போய் அந்த வாலிபரின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

"தம்பி, பேர எடு!"

"ஏன் பாஸ்? என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பில்ல. எடு. அந்த அக்காவோட வேல போயிடும். எடுத்தேன்னா ஒனக்கு நான் ரொட்டி சானாய் வாங்கித் தரேன்."

வாலிபர் எடுத்தார். அவசரத்தில் இரண்டு முறை தவறான எண்ணைத் தட்டிவிட்டுத்தான் எடுத்தார். சிவப்புப் பெட்டி மறைந்து, மூலையில் நேரம் மீண்டும் நீண்டது. கழிப்பறையிலிருந்து வந்த அல்போன்ஸ் அங்கிள், "ரெண்டு நிமிஷம் போஸ்ட விட்டுட்டுப் போனா இப்படியா?" என்று எங்களைத் திட்டினார்.

ரோஸ்லின் பரீட்சையை முடித்து அனுப்பிவிட்டு எழுந்தாள். கால்கள் நேராக நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. முகப்பு மேசைக்கு வந்து, வரிசையாகக் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள்.

"இதுல ரோஜாப்பூ போட்டது என்னுதுண்ணே."

அது துர்காவின் இடத்தைப் பிடித்துக்கொடுத்த பாக்கெட். ரோஸ்லின் அதைப் பிரித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, கதவு திறக்கும் முன், உள்ளே ஒருவரும் உட்கார்ந்திராத நேரத்தில் தாய்க்கணினியை நிறுத்தினேன். வெட்டிய பொத்தானைத் திரும்ப வைத்தேன். என்னை நச்சரிப்பவர்களைத் தாங்கிக்கொள்வதும் என் வேலைதான். இன்னொரு பொத்தானையும் பதிவுத் திரையில் சேர்த்தேன். அதைத் தட்டினால் வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும்; ஆனால் உங்களுக்காகக் கணினி யாரையும் எழுப்பாது, அதைத் தட்டாத அடுத்தவரைத்தான் முதலில் கூப்பிடும். அதற்கு அடையாளமாக ஒரு டிஷ்யூ பாக்கெட் படம் வரைந்தேன்.

கட்டற்ற மென்பொருளில், நாம் செய்த மாற்றத்தை அதை எழுதியவர்களுக்குத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினேன். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் பதில் போட்டார்: வேலை செய்கிறது, நன்றி, ஆனால் ஏன் டிஷ்யூ? என் ஆங்கிலம் துறைமுகத்து ஆங்கிலம். தெரிந்த அளவில் விளக்கினேன். சில நாட்கள் கழித்து எழுதினார்: எங்கள் நூலகத்தில் ஆட்கள் கையுறையை வைத்துவிட்டுப் போகிறார்கள், நான் இதுவரை அதை எடுத்து எறிந்துகொண்டிருந்தேன்.

ரோஸ்லினுக்கு வேலை கிடைத்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு விடுமுறை நாளில் வந்தாள். விடுதிப் பிள்ளைகள் தன் சம்பலைக் காரம் போதவில்லை என்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டாள். எல்லாக் கணினிகளும் நிரம்பியிருந்தன. வரிசையில் அவள் ஒருத்திதான். அந்த நேரத்தில் கையில் கோப்போடு ஒருவர் மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்து, பதிவுத் திரையின் முன் நின்று தலையில் கை வைத்தார்.

ரோஸ்லின் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் டிஷ்யூ படத்தைத் தட்டினாள்.

"எனக்கு இன்னிக்கு லீவுதானேண்ணே," என்று என்னிடம் சொல்லிவிட்டு, நாளிதழ்கள் இருக்கும் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே அல்போன்ஸ் அங்கிள் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருடைய சாக்கடை இன்னும் நாறிக்கொண்டுதான் இருந்தது.